ஆச்சியின் அரிசி டின்னும் அத்தையின் அடக்கமும்

சபைப் பாரம்பரியம் விசுவாசத்துக்கு உதவியா, தடையா என்று யாராவது கேட்டால் எனக்கு ஆச்சியும் அத்தையும்தான் நினைவுக்கு வருவார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிராமம் எங்களுடையது. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விசுவாசப் பிரமாணம், பாவ அறிக்கை, 23ஆம் சங்கீதம் எல்லாம் மனப்பாடம். ஞாயிறுதோறும் அதே ஆராதனை முறையைக் கேட்டுக் கேட்டு நாவில் ஏறியவை. உலை வைக்கும்போதெல்லாம் முதலில் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போடுவாள். அது எங்கள் சபைக் கோயிலுக்குப் போகும் காணிக்கை. வீட்டில் அரிசி மட்டாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி தவறாது. கொடுப்பதை நான் படித்தது அந்த டின்னைப் பார்த்துத்தான்.

ஆச்சியின் மகள், என் அத்தை, பெரிய வியாதியிலிருந்து எழுந்தபின் பெந்தெகொஸ்தே என்கிற வேறொரு சபைக்குப் போய், தண்ணீரில் முழுதாக மூழ்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். கம்மலைக் கழற்றினாள். (மனுஷ முறைமைகள் வேண்டாம் என்கிற இடத்திலும் கம்மலுக்கு ஒரு சட்டம் இருந்தது எனக்கு உறுத்தியது.) ஆனால் அவள் ஜெபிப்பதைக் கேட்டவர்கள் யாரும் அவள் விசுவாசத்தைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆறு வருடம் கழித்து அத்தை இறந்தாள். முழுக்கு எடுத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, காலங்காலமாக அதுதான் வழக்கம் என்றது எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டி. தாத்தா அங்கேதான் கிடக்கிறார். அப்பா சாயங்காலம் வரை கெஞ்சினார். அப்புறம் எங்கள் விளையில், பனைகளுக்கு நடுவே குழி வெட்டினோம்.

மாற்கு சுவிசேஷம் 7ஆம் அதிகாரம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உமக்குத் தரவேண்டியது கொர்பான், அதாவது தேவனுக்கென்று வைத்த காணிக்கை என்று சொல்லிவிட்டால், பெற்றவர்களைக் கவனிக்க வேண்டாம் என்று அன்று ஒரு வழக்கம் இருந்தது. தேவன் பேரைச் சொல்லிச் சொந்த மனுஷரைக் கைவிட்டதுதான் இயேசுவுக்குப் பொறுக்கவில்லை. அப்போஸ்தலன் பவுலோ தெசலோனிக்கே சபையாருக்கு, நாங்கள் உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

மூன்றாம் நாள் ஆச்சி அடுப்பு மூட்டினாள். வழக்கம்போல டின்னில் அரிசி விழுந்தது. "இன்னும் எதுக்கு ஆச்சி?" என்று கத்திவிட்டேன்.

"ஏல, கமிட்டிக்காரனுக்கா போடுதேன்?" என்றாள்.

எனக்கு அந்தத் தெளிவு இல்லை. ஒன்றரை வருடம் கோயில் பக்கமே போகவில்லை. மறுபடி போனது ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானத்துக்கு. சொந்தமாக ஜெபிக்க என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. பாவ அறிக்கை வந்தது. ஆச்சி சொல்லிச் சொல்லிக் கேட்ட வார்த்தைகள். வாய் தானாகச் சொன்னது. அதில் எங்கும் 'நான்' கிடையாது, 'நாங்கள்' என்றுதான் வரும். அன்றைக்கு இடமில்லை என்று சொன்ன பெரியவர் முன்பெஞ்சில் முழங்காலிட்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. மூன்று மணி மணியடிக்கும்வரை அங்கேயே இருந்தேன்.