மறுமொழி: ஸ்வெல் = நெடுந்திரை?

குழுவினருக்கு வணக்கம்.

தொலைவில் வீசும் புயல்காற்று கிளப்பி, காற்றில்லாத கரைக்கும் வந்துசேரும் நீண்ட கடலலைகளை ஆங்கிலத்தில் ஸ்வெல் (swell) என்பார்கள். அதற்குத் தமிழில் ‘நெடுந்திரை’ என்று சொல்லலாமா என்பதே நம் பேச்சு. ‘பேரலை’ போதுமே, புதுச்சொல் எதற்கு என்று குழுவிலுள்ள சென்னை ஐயா கேட்டிருந்தார். மொரீசியசில் வாழும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. 2004க்குப் பிறகு ‘ஆழிப்பேரலை’ என்றால் தமிழர் அனைவருக்கும் சுனாமிதான். இங்கே குளிர்மாதங்களில் ஸ்வெல் எச்சரிக்கை அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் பேரலை என்று எழுதினால், முதலில் மக்கள் பதறுவார்கள். நாளடைவில் உண்மையான சுனாமி எச்சரிக்கையைக்கூடப் பொருட்படுத்தமாட்டார்கள்.

அதோடு, ஸ்வெல் பெரிதாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. நடுக்கடலில் படகை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கிவிட்டுப் போய்விடும். அதன் அடையாளம் உயரம் அல்ல, பிறப்பு. தெற்கே 40, 50 பாகை அட்சரேகைகளில் புயல்காற்று கடலைக் குழப்பியடிக்கிறது. அங்கே நெடியதும் குறியதும் கலந்தே எழுகின்றன. காற்றின் பிடியை விட்டு வெளியே வந்ததும் நீளமானவை முந்துகின்றன, குட்டையானவை பின்தங்கித் தேய்கின்றன. வழியிலேயே தரம் பிரிந்து, சீரான வரிசையாக அவை நம் கரைக்கு வருகின்றன. அலைவுநேரம், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம், 15 நொடி என்றால், ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 350 மீட்டர். அதன் ஆற்றல் மணிக்கு 42 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையோ சில நொடிக்கு ஒன்றாகச் சிதறி வரும்.

இதனால்தான் ஆபத்து. எங்கள் தீவின் தென்கரையில், சுயாக் ஊரின் கிரி-கிரி கடற்கரைக்குப் போய் நின்று பாருங்கள். தீவைச் சூழ்ந்த பவளத்திட்டு அங்கே அறுபட்டிருப்பதால், வருவதெல்லாம் நேரே பாறையில் மோதும். வானத்தில் மேகம் இருக்காது, காற்றும் இருக்காது. கடல் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். காற்றில்லாத நாள் கடலில் இறங்க நல்ல நாள் என்று எண்ணுகிற பிள்ளைக்கு, இது வேறு வகை என்று சொல்ல ஒரு பெயர் வேண்டும். பிரெஞ்சில் ‘ஊல்’ என்று ஓரசையில் சொல்லிவிடுகிறார்கள். தமிழ் வகுப்பில் நான் ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டியிருக்கிறது.

குமரி அன்பர் ‘கள்ளக்கடல்’ என்றார். அருமையான சொல். கேரள மீனவர் வாய்மொழியாக இருந்து, 2012இல் யுனெஸ்கோவும் ஏற்ற சொல். ஆனால் அது குறிப்பது கடைசிக் கட்டத்தை, அதாவது முன்னறிகுறி இல்லாமல் கடல் கரையேறும் நிகழ்வை. அதைக் கொண்டுவரும் அலைக்குப் பெயர் இன்னும் இல்லை. 2007 மே மாதம் தென்கடல் புயல் ஒன்று கிளப்பிய ஸ்வெல், அண்டைத் தீவான ரியூனியனில் சேன்-பியேர் துறைமுகத்தைத் தாக்கியது. சில நாளில் மாலத்தீவுகளில் ஊர்களுக்குள் கடல்நீர் புகுந்தது. எங்களைக் கடந்து செல்வதுதான் பிறகு உங்கள் பக்கமும் வருகிறது. இரு கரைக்கும் பொதுவான சொல்லாக அமையட்டும் என்பது என் ஆசை.

இனி அலை என்ற சொல்லின் நிலை. எளிய கூட்டுகளையெல்லாம் பிறர் எடுத்துக்கொண்டுவிட்டனர். ‘நெட்டலை’ எனக்கு முதலில் இனித்தது. ஆனால் பள்ளி இயற்பியலில் ஒலியலை போன்றவற்றுக்கு அதுதான் பெயர், குறுக்கலைக்கு எதிரானது. ‘சிற்றலை’ வானொலிக்குப் போய்விட்டது. அலைபேசி, அலைவரிசை, வெப்ப அலை, தேர்தல் காலத்தில் அனுதாப அலை என்று எங்கும் பரவிய சொல் அது. கடலுக்கென்று தனித்து எதையும் அது இப்போது சொல்வதில்லை. ‘வீக்கம்’ மருத்துவமனைச் சொல், அதைக் கடலில் ஏற்றவேண்டாம். யாழ்ப்பாணத்து அம்மா தந்த ‘உருளலை’ நல்ல ஆக்கம், ஆனால் கரையில் சுருண்டு உடைவதற்கே பொருந்தும். அதற்கென்று வைத்துக்கொள்வோம்.

ஆகவே திரை. அலைதலில் நிலைகொள்ளாமை இருக்கிறது. திரைதலில் இருப்பது மடிப்பு. வேட்டியைத் திரைத்துக் கட்டுகிறோம், முதுமையில் தோல் திரைகிறது. உடையாமல் மடிப்பு மடிப்பாக நீளும் கடற்பரப்புக்கு இதைவிடப் பொருத்தமான வினையை நான் காணவில்லை. நெடுமை என்ற அடை, நீளத்தையும் வந்த தொலைவையும் ஒருங்கே சொல்கிறது. நெடுந்திரை.

திரை என்றால் சினிமாதானே நினைவுக்கு வரும் என்பது ஞாயமான தடை. வெள்ளித்திரை, சின்னத்திரை, தொடுதிரை வரிசையில் இதையும் ஒருவர் வைக்கலாம். நெடுந்தொடர் வேறு இருக்கிறது. ஆனாலும் ‘திரைகடல் ஓடியும்’ என்னும்போது யாரும் குழம்புவதில்லையே. செய்தியில் முதல்முறை ‘கடல் நெடுந்திரை’ என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள். தூத்துக்குடி, நாகை, குமரிப் பக்கம் இருப்பவர்கள் மீனவரிடம் கேட்டுப் பாருங்கள். நீரோட்டத்துக்கு நீவாடு என்று சொல் வைத்திருப்பவர்களிடம் இதற்கும் ஒன்று இருக்கக்கூடும். இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே ஏற்பேன்.

அதுவரை, புழக்கத்தில் எப்படி ஒலிக்கும் என்று பார்க்க ஒரு மாதிரி எச்சரிக்கை: “தெற்கிலிருந்து 3 மீட்டர் நெடுந்திரை, அலைவுநேரம் 16 நொடி. வானம் தெளிவாக இருந்தாலும் பவளத்திட்டைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.” இதில் இடறும் இடம் இருந்தால் சொல்லுங்கள்.