உங்க ஏரியா ஸ்டேஷனை யார் கேள்வி கேட்கிறாங்க? மும்பைத் தமிழர்கள் அனுபவம்

தாதர் எக்ஸ்பிரஸ்

வணக்கம் மக்களே. எங்க பில்டிங் வாட்ச்மேன் கையிலிருந்த மொபைலை பைக்ல வந்த ரெண்டு பேர் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. ஸ்டேஷன்ல கொடுத்த காகிதத்தைப் பார்த்தா "மொபைல் தொலைந்தது"ன்னு இருக்கு. பிடுங்கினது எப்படி சார் தொலைஞ்சதாகும்னு கேட்டேன். "புது சிம் வாங்க இது போதும், காய்கோ (எதுக்கு) டென்ஷன்"னு பதில் வந்தது.

அந்த ஒரு போனுக்காக இதை எழுதலை. பில்டிங்ல செல்வாக்கு உள்ளவர் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுவே எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கும். எத்தனை பறிப்பு இப்படி "தொலைந்தது" ஆகுது, அப்படி எழுதற பழக்கம் எங்கிருந்து வந்தது, இதை வெளியாள் கேட்க வழி இருக்கா? தெரிஞ்ச சாப் (பெரிய ஆபீஸர்) மூலமா காரியம் முடிஞ்ச கதை வேண்டாம், அது எல்லாரிடமும் இருக்கு. ஸ்டேஷன் நடக்கிற முறையைக் கேள்வி கேட்டவங்க எழுதுங்க. ஒண்ணும் நகரலேன்னாலும் எழுதுங்க. ஸ்டேஷன் பேர், ஆபீஸர் பேர் போடாதீங்க.

தொண்ணூறடி ரோடு

எங்கம்மா போலீஸ் பஞ்சாயத்துல இருந்தவ. குடியிருப்புச் சண்டையை ஜனங்களும் போலீஸும் சேர்ந்து பேசித் தீர்க்கிற சபை அது. தாராவியில பழைய ஆளுங்களைக் கேட்டா தெரியும்.

2004ல ஏ.என். ராய் மும்பை கமிஷனரா வந்தாரு. புனேயில செஞ்சு பார்த்ததை இங்க கொண்டாந்தாரு. கூட நின்னது ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயல்ல பிறந்த நம்ம ஆளு, குடிசைக்காரங்க சம்மேளனத்தைக் கட்டுனவரு, 2000ல மகசேசே விருது வாங்குனவரு. பல தடவை போலீஸ் பிடிச்சு உள்ள வெச்ச மனுசன், கமிஷனரோட உக்காந்து போலீஸ் எப்படி நடக்கணும்னு திட்டம் போட்டாரு பாருங்க! ஒரு குடியிருப்புக்குப் பத்து பேரு. அதுல ஏழு பேரு பொம்பளைங்க, மூணு பேரு ஆம்பளைங்க. கூட ஒரு போலீஸ்காரர். சம்பளம் கிடையாது.

அம்மாகிட்ட கோடு போட்ட ஒரு நீள நோட்டு இருந்துச்சு. தேதி, ரெண்டு தரப்புப் பேரு, விசயம். விசயம்ங்கிற இடத்துல ஒத்தை வார்த்தைதான்: தண்ணி, குடி, வாடகை, மருமக. எல்லாம் தமிழ்ல. பேசி முடிச்சதும் ஹவல்தார் கீழ கையெழுத்துப் போடுவாரு. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. "மராத்தியில அவன் எழுதுறதுக்குக் கீழ நாம போடலையா, இப்ப அவன் போடட்டும்"னு அம்மா சிரிக்கும். அதுவரைக்கும் ஸ்டேஷன் வாசல்ல கால் வைக்கப் பயந்த பொம்பளைங்க, பெரிய சாப் முன்னாடி நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

ஆனா நான் வளந்த பிறகு அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தா, "குடி"ன்னு எழுதுன இடத்துல ஒரே புருசன் பேரு திரும்பத் திரும்ப வருது. அடிச்சவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசி அனுப்பியிருக்காங்க. பொண்டாட்டி கேஸ் போடணும்னு நின்னாலும் "பிள்ளைங்க முகத்தைப் பாரு"ன்னு சமாதானம். கேஸ் போட்டிருக்க வேண்டிய இடத்துல பஞ்சாயத்து முடிஞ்சு போச்சு. இதைச் சொன்னா அம்மா இன்னைக்கும் என்கூட மல்லுக்கு நிக்கும்.

இன்னொண்ணு. பஞ்சாயத்து எங்க சண்டையைப் பார்த்துச்சு, போலீஸைப் பார்க்கலை. ஒரு பையனை ராத்திரி முழுக்க எதுக்கு உக்கார வெச்சீங்கன்னு கேக்க அந்த நோட்டுல இடமே இல்ல. போலீஸுக்குப் பாதி வேலை மிச்சமாச்சு, எங்களுக்கு மரியாதை கிடைச்சுச்சு. கணக்குக் கேக்கிற அதிகாரம் கிடைக்கலை.

மீட்டர் டவுன்

டாக்ஸி ஓட்டுறேன். நாகாபந்தியில (போலீஸ் வண்டிச் சோதனை) ஜன்னல் வழியா கையை விட்டு சாவியை உருவுறாங்க. பேட்ஜ்ல பேர் எழுதின பக்கம் ரெயின்கோட்டுக்குள்ள. மழைக்காலம் சரி, மே மாசம் எதுக்குய்யா ரெயின்கோட்டு? பேர் கேட்டா பேப்பர் கேட்பாங்க. நமக்கு பொழப்பு முக்கியம், நான் கேட்கலை. கேட்டவங்க எழுதுங்க, படிச்சுக்கிறேன்.

ஃபில்டர் காபி

நான் கேட்டேன், ஆனா வேற விஷயத்துல.

பக்கத்து ஃப்ளாட்ல சண்டை, அடிதடி, ரத்தம். நான் சத்தம் கேட்டவள், அவ்வளவுதான். சாயங்காலம் ஏழரைக்கு போன்: "மேடம், ஜபாப் (வாக்குமூலம்) கொடுக்க ஸ்டேஷன் வாங்க." எழுத்துல அனுப்புங்க, நான் பெண், சாட்சி, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும்னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சின்ன மௌனம். அப்புறம், "நீங்க வக்கீலா?" இல்லைங்க, ஐ.டி.ல டெஸ்டிங் வேலை. ஓட்டை தேடறதுதான் பொழப்பு.

மறுநாள் காலையில ஒரு பெண் கான்ஸ்டபிளும் ஒரு சப்-இன்ஸ்பெக்டரும் வந்தாங்க. மரியாதையாவே பேசினாங்க, அதையும் சொல்லணும். நான் ஹிந்தியில சொன்னதை அவர் மராத்தியில எழுதினார். படிச்சுக் காட்டச் சொன்னேன். "சத்தம் கேட்டது"ன்னு நான் சொன்னது "அடிப்பதைப் பார்த்தேன்"னு ஆகியிருந்தது. திருத்தச் சொன்னதும் அடிச்சிட்டு மாத்தி எழுதினார். கெட்ட எண்ணம்னு நினைக்கலை, எல்லா ஜபாப்பும் அந்த அச்சுலயே எழுதிப் பழகின கை. கடைசியில கையெழுத்து கேட்டார். போட்டேன்.

கறுப்பு கோட்டு

அந்தக் கையெழுத்து தேவையே இல்லைம்மா. விசாரணையில போலீஸ் எழுதிக்கிற சாட்சி வாக்குமூலத்துல சாட்சி கையெழுத்து வாங்கக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில 162வது பிரிவு, அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1லேருந்து அமலான பி.என்.எஸ்.எஸ்.ல 181. நீங்க சொன்ன வீட்டு விசாரணை 179வது பிரிவு: பெண்கள், 15 வயசுக்குக் கீழே 60க்கு மேலே உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் இவங்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தானா வர விரும்பினா வரலாம். அந்த "விரும்பினா"லதான் எல்லா விளையாட்டும் நடக்குது.

வாட்ச்மேன் விஷயத்துக்கு வர்றேன். பறிப்பு கைது செய்யக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட புகார்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு 2013ல லலிதா குமாரி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு சொல்லியாச்சு. மறுத்தா பி.என்.எஸ்.எஸ். 173(4)ன்படி புகாரைத் தபால்ல எஸ்.பி.க்கு அனுப்பலாம். மும்பையில அந்த ஸ்தானத்துல டி.சி.பி. (துணை கமிஷனர்). அதுக்கும் அசையலேன்னா மாஜிஸ்திரேட்.

ஆனா தாதர் எக்ஸ்பிரஸ் கேட்கிறது இதுக்கு மேலே. ஒரு கேஸ் இல்ல, பழக்கம். அதுக்கு உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22ல பிரகாஷ் சிங் வழக்குல வழி போட்டது. கொள்கையைப் பார்க்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம், தப்பைப் பார்க்க போலீஸ் புகார் ஆணையம். மகாராஷ்டிராவுல 2014ல சட்டத்தைத் திருத்தி ரெண்டையும் உள்ளே கொண்டுவந்தாங்க. மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர். காவல்ல மரணம், கொடுங்காயம், முறை தவறின கைது, லஞ்சம், மிரட்டிப் பணம் பறிக்கிறது இதெல்லாம் அங்க போகலாம். ஆணையம் சொல்றது அரசைக் கட்டுப்படுத்தணும்னு தீர்ப்பு சொல்லுது. நம்ம சட்டத்துல, விதிவிலக்கான நேரத்துல காரணம் எழுதி அரசு ஒதுக்கிடலாம்னு ஒரு சந்து வெச்சிருக்காங்க. அந்தச் சந்துல யானையே போகும்.

என் கட்சிக்காரர் ஒருத்தருக்கு அங்க விசாரணை நடந்தப்போ கூட இருந்தேன். அவருக்குப் பெரிசா எதுவும் கிடைக்கலை. ஆனா ஸ்டேஷன் டைரியோட நகல் மேஜைக்கு வந்தது. எப்போ கூட்டிட்டு வந்தாங்க, எப்போ கைதுன்னு எழுதினாங்கன்னு ரெண்டு நேரமும் பக்கத்துப் பக்கத்துல. நடுவுல இருந்த இடைவெளிக்கு அந்த அதிகாரியால வாயால பதில் சொல்ல முடியலை. எனக்கு அந்த ஆணையத்தோட பலன் அவ்வளவுதான்னு தோணுது, அது சின்னதுன்னும் சொல்ல மாட்டேன்.

மாட்டுங்கா மாமா

எல்லாரும் சட்டம் பேசறேள், நான் பழங்கதை சொல்றேன். 92-93 இந்து-முஸ்லிம் கலவரத்துக்கப்புறம் ஊர்ல போலீஸை யாரும் நம்பல. அதை விசாரிச்ச ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998ல கொடுத்த ரிப்போர்ட்ல போலீஸ்காராளையே குத்தம் சொல்லியிருந்தது. அந்த நாள்ல ஜூலியோ ரிபெய்ரோ, சதீஷ் சாஹ்னி மாதிரி கமிஷனரா இருந்தவாளும், சமூக சேவகி சுசோபா பார்வேயும் சேர்ந்து மொஹல்லா (பேட்டை) கமிட்டின்னு ஆரம்பிச்சா. ரெண்டு மதத்துக்காராளும் போலீஸும் ஒரே பாய்ல உட்காரணும்னு யோஜனை. நானும் சில கூட்டத்துக்குப் போயிருக்கேன்.

முதல்ல காரசாரமா இருந்தது. "எங்க பசங்களை மட்டும் ஏன் தூக்கிண்டு போறேள்"னு ஒரு கிழவர் எழுந்து கேட்டார், சீனியர் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்னுதான் பதில் சொன்னார். எங்க பக்கம் அப்புறம் அது கணபதி ஊர்வலத்துக்கும் ஈத் பந்தோபஸ்துக்கும் முன்னாடி கூடற சமோசா மீட்டிங்கா ஆயிடுத்து. யாரைக் கூப்பிடறதுன்னு ஸ்டேஷனே முடிவு பண்ணும். சால்வை போத்தறவாளைத்தான் கூப்பிடுவா, கேள்வி கேக்கறவாளை ரெண்டாம் தடவை கூப்பிட மாட்டா. மெம்பரை போலீஸ் பொறுக்கினா அது மேற்பார்வை இல்லே ஸ்வாமி, விருந்தாளி லிஸ்ட்.

சாக்பீஸ்

மாமா சொன்னதுக்கு எதிர் உதாரணம் ஒண்ணு. 2022 ஜூன்ல மும்பை கமிஷனர் ஒரு உத்தரவு போட்டார்: மானபங்கம், போக்சோ புகார்னா ஏ.சி.பி. (உதவி கமிஷனர்) பரிந்துரைச்சு டி.சி.பி. அனுமதி கொடுத்த பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பொய்ப் புகார் வருதுங்கிறது காரணம். நான் பள்ளிக்கூட டீச்சர், எங்களுக்குக் குலை நடுங்கிருச்சு. ஒரு குழந்தை வாயைத் திறக்கவே மாசக்கணக்காகும், அதுக்கப்புறம் ரெண்டு ஆபீஸ் படியா? குழந்தைகள் உரிமை ஆணையமும் அமைப்புகளும் கடுமையா எதிர்த்தாங்க. உத்தரவு பிறகு திரும்பப் போச்சு.

யாரும் கூட்டத்துக்கு அழைக்கலை, யாருக்கும் பேட்ஜ் இல்ல. உத்தரவு எழுத்துல இருந்தது, வெளியே தெரிஞ்சது, அதனால எதிர்க்க முடிஞ்சது. "தொலைந்தது"ன்னு எழுதற பழக்கத்துக்கு உத்தரவே இல்லையே. எதைக் காட்டி எதிர்க்கிறது?

தாதர் எக்ஸ்பிரஸ்

சாக்பீஸ் டீச்சர் சரியான இடத்துல கையை வெச்சிட்டீங்க. அதனால நான் எழுத்துல இருக்கிறதையே பிடிச்சேன். சி.சி.டி.வி.

2020 டிசம்பர் 2ல பரம்வீர் சிங் சைனி வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா: வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் ரூம் உட்பட. படத்தோட குரலும் பதிவாகணும். 18 மாசம் வெச்சிருக்கணும், முடியாத பட்சத்துலயும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. கேமரா இருக்குன்னு ஜனங்களுக்குப் புரியற பாஷையில பெரிய போர்டு. கெட்டுப்போனா ஸ்டேஷன் பொறுப்பாளர் உடனே மாவட்டக் கமிட்டிக்குச் சொல்லணும். அந்தக் கமிட்டியில மேயருக்கும் இடம் உண்டு. நம்ம ஊர்ல 2022 மார்ச்லேருந்து வருஷக்கணக்கா மேயரே இல்லாம ஓடினதை யார்கிட்ட சொல்லி அழறது?

ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) மனு போட்டேன். எங்க ஸ்டேஷன்ல எத்தனை கேமரா, எத்தனை ஓடுது, எத்தனை நாள் பதிவு நிக்குது, கடைசியா கெட்டுப்போனதை எந்தத் தேதியில யாருக்குத் தெரிவிச்சாங்க. பதிவைக் கேட்கலை. கேட்டா விசாரணை பாதிக்கும்னு அந்தச் சட்டத்தோட 8(1)(h) பிரிவைக் காட்டி மறுப்பாங்க. எண்ணிக்கையும் தேதியும் யாரோட விசாரணையைக் கெடுக்கும்?

எத்தனை கேமரான்னு மட்டும் பதில் வந்தது. மத்ததுக்கு "தகவல் இல்லை". தகவல் இல்லைங்கிறதை முத்திரை குத்தி எழுத்துல கொடுத்திருக்காங்க. அப்பீல் போடப் போறேன், அடுத்த மனுவுல "தொலைந்தது" எத்தனை, திருட்டு எத்தனைன்னு மாசவாரியா கேட்கப் போறேன்.

கறுப்பு கோட்டு

அந்த "தகவல் இல்லை" காகிதத்தைப் பத்திரமா வெச்சுக்கோங்க. அதே ஸ்டேஷன்ல ஒரு கஸ்டடி கேஸ் வந்து "கேமரா அன்னைக்கு ரிப்பேர்"னு சொன்னா, கோர்ட்ல அதைத்தான் முதல்ல நீட்டணும்.

மீட்டர் டவுன்

அண்ணே, ஸ்டேஷனுக்குள்ள நாம மொபைல்ல வீடியோ எடுத்தா அரசு ரகசியச் சட்டத்துல உள்ள தள்ளுவோம்னு மிரட்டுறாங்களே?

கறுப்பு கோட்டு

2022ல மும்பை உயர் நீதிமன்றத்தோட நாக்பூர் அமர்வு அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து பண்ணியிருக்கு. அந்தச் சட்டத்துல சொல்ற தடைசெய்யப்பட்ட இடத்துல போலீஸ் ஸ்டேஷன் வராது. ஆனா ஒண்ணு, தனி ஆளா போய் போனைத் தூக்காதீங்க. சட்டம் நம்ம பக்கம் இருக்கும், போன் அவங்க பக்கம் போயிடும்.

தொண்ணூறடி ரோடு

அம்மாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டுனேன். சமாதானம் பண்ணி வெச்சது தப்புன்னு ஒத்துக்க மாட்டேங்குது, "அன்னைக்கு கேஸ் போட்டிருந்தா அவ எந்த ரூம்ல படுத்திருப்பா"ன்னு கேக்குது. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா கேமரா மனுவை எங்க ஸ்டேஷனுக்கும் போடணும்னு பக்கத்து சால் (வரிசைக் குடியிருப்பு) பொம்பளைங்க நாலஞ்சு பேரைச் சேர்த்திருச்சு. எழுதினதை இங்க போடுங்க, பேரை மாத்திக்கிறோம்.

தாதர் எக்ஸ்பிரஸ்

போடறேன். ஒவ்வொருத்தரும் தனித்தனியா மனு போடுங்க. மகாராஷ்டிரா விதிப்படி ஒரு மனுவுக்கு ஒரு விஷயம், 150 வார்த்தைக்குள்ள. அதைத் தாண்டினா அதையே சாக்கா வெச்சு திருப்பிடுவாங்க. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டணும். 30 நாள்ல பதில் வரலேன்னா முதல் அப்பீல், அதுக்கு 20 ரூபாய்.

தொண்ணூறடி ரோடு

மராத்தியிலயா, இங்கிலீஷா?

தாதர் எக்ஸ்பிரஸ்

மராத்தியில போடுங்க. அப்பதான் "புரியலை"ன்னு சொல்ல முடியாது. கொடுத்ததும் நகல்ல தேதி போட்டு சீல் வாங்காம கவுன்டரை விட்டு நகராதீங்க.