கரும்பு வயலில் மண் இறுக்கத்தை எப்போது, எப்படி அளப்பது?

கேள்வி (டோங்காட், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். எங்கள் மறுதாம்புக் கரும்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைத்தது), டிரெய்லர் ஓடிய தடத்தை ஒட்டிய வரிசைகள் மட்டும் தூர் குறைந்து குட்டையாக நிற்கின்றன. மழைக்குப்பின் அத்தடங்களில் தண்ணீர் வடிவதில்லை. ஆகஸ்டில் வெட்டு முடிந்ததும் பெனட்ரோமீட்டரை (கம்பியை மண்ணில் அழுத்தி, மண் எதிர்க்கும் அழுத்தத்தை முள்ளால் காட்டும் கருவி) இரவல் வாங்கிக் குத்திப் பார்த்தேன். தடத்திலும் வரிசையிலும் ஒன்றுபோல் முள் 3 மெகாபாஸ்கலைத் தாண்டியது. 2 மெகாபாஸ்கலுக்கு மேல் வேர் இறங்குவது அரிது என்பதால், வயல் முழுவதையும் உளிக்கலப்பையால் ஆழ உழ வேண்டுமா?

மறுமொழி (ஸ்டேஞ்சர்):
ஐயா, இப்போது உழ வேண்டாம். நம் கடற்கரைப் பகுதியில் ஆகஸ்ட் வறண்ட குளிர்கால மாதம். இறுகாத மண்ணும் காய்ந்தால் கருவியை எதிர்க்கும் என்பதால், எங்கும் ஒரே அளவு காட்டியது ஈரமின்மையையே குறிக்கலாம். கோடை மழை நன்கு பெய்து மிகுநீர் வடிந்தபின், மணற்பாங்கான நிலமானால் ஓரிரு நாளிலும் களிமண்ணானால் இன்னும் சற்றுப் பொறுத்தும் மீண்டும் அளந்து பாருங்கள். கம்பியை நொடிக்கு 3 சென்டிமீட்டர் வீதம் சீராக அழுத்துங்கள். கல்லில் முட்டிய அளவைத் தள்ளிவிடுங்கள். தடம், வரிசை, வண்டியே போகாத வரப்போரம் ஆகிய மூன்றிலும் ஒரே நாளில் அளந்து, எந்த ஆழத்தில் முள் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்வதுதான் முக்கியம்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அண்ணா சொன்னதுடன் பரும அடர்த்தியையும் (ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள உலர்ந்த மண்ணின் எடை) பார்ப்பது நல்லது. 5 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள வளையத்தில் ஏறக்குறைய 98 கன சென்டிமீட்டர் மண் கொள்ளும். அதைக் குலையாமல் எடுத்து, 105 டிகிரி செல்சியசில் 24 மணி நேரம் உலர்த்தி நிறுக்க வேண்டும். 147 கிராம் இருந்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். களிமண்ணில் அது வேரைத் தடுக்கும் அளவு, மணலிலோ ஏறக்குறைய 1.8-ஐத் தாண்டினால்தான் அப்படித் தடுக்கும். ஆகவே உங்கள் மண் எவ்வகை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மண்வெட்டியால் ஒரு குழியும் வெட்டிப் பாருங்கள். வேர்கள் ஓர் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கி ஓடினால் அங்கேதான் தட்டு, அதாவது இறுகிய மண் அடுக்கு, இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தடத்தில் மட்டும் இறுக்கம் தெரிந்தால் மழைக்காலத்திலேயே உழலாமா?

மறுமொழி (ஸ்டேஞ்சர்):
கூடாது ஐயா. ஈர மண்ணில் உளி பிளவு உண்டாக்காமல் வழித்துக்கொண்டு போகும். ஈரத்தில் அளந்து, மண் காய்ந்தபின் தட்டுக்குச் சற்றுக் கீழே உளி இறங்குமாறு அந்த இடங்களை மட்டும் உழுங்கள். அடுத்த வெட்டிலிருந்து டிரெய்லரை அதே தடங்களில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். வரிசைமேல் ஏறவிட்டால் உழுத பயன் நிற்காது.