கல்யாண மண்டப ஸ்டீல் பிரேம்: பீம்-காலம் (உத்தரம்-தூண்) வெல்டில் திரும்பத் திரும்பக் கோடு விழுது, என்ன செய்யலாம்?

காரிமங்கலம் பட்டறை:
வணக்கம். தருமபுரி பக்கத்துல ஒரு ஸ்டீல் பில்டிங் வேலை எடுத்திருக்கோம். கீழே கடைகள், மேல் ரெண்டு மாடியும் கல்யாண மண்டபம். மாடி பீம் ஐஎஸ்எம்பி 300, காலம் ஐஎஸ்எச்பி 300, ரெண்டும் 300 மி.மீ. உயர ‘I’ வடிவ இரும்பு. பீமோட ரெண்டு ஃபிளாஞ்சையும் (மேல், கீழ் பட்டைகள்) சைட்லயே காலத்தோட ஃபுல் பெனட்ரேஷன் வெல்ட் (முழுத் தடிமனும் உருகிச் சேர்ற வெல்ட்) பண்ணணும்னு டிராயிங். பட்டறையில மாதிரிக்கு ஒரு ஜாயின்ட் போட்டுப் பார்த்தோம். டை பெனட்ரன்ட் (வெடிப்பைக் காட்டுற சாயம்) அடிச்சா கீழ் ஃபிளாஞ்ச்ல, வெப்புக்கு (நடுவுல நிக்கிற தகடு) நேர் அடியில சிவப்புக் கோடு. கிரைண்ட் பண்ணி மறுபடி போட்டாலும் அதே இடம். வெல்டர் நல்ல கைகாரர். கோளாறு எங்கே?

ஓசூர் ஸ்ட்ரக்சரல்:
வெல்டர் கையில குறையில்லைங்க, ஜாயின்ட் அமைப்புதான் அப்படி. கீழ் ஃபிளாஞ்சை மேலிருந்து வெல்ட் பண்றப்ப வெப் குறுக்கே நிக்குது. ஒவ்வொரு பாஸையும் நடுவுல நிறுத்திட்டு மறுபக்கம் போய்த் தொடங்கணும். கசடு மாட்டறதும் சரியா உருகாம போறதும் அங்கேதான். 1994 ஜனவரி 17 அன்னைக்கு கலிபோர்னியாவுல நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தப்ப நூற்றுக்கும் மேல ஸ்டீல் கட்டிடங்கள்ல ஜாயின்ட் வெடிச்சது, பெரும்பாலும் இதே கீழ் ஃபிளாஞ்ச்லதான். வெல்டுக்கு அடியில தாங்கலா வெச்சு எடுக்காம விட்ட பேக்கிங் பட்டையே ஒரு பிளவு மாதிரி வேலை செஞ்சது. வெல்ட் உலோகத்துக்கும் டஃப்னஸ் (வெடிக்காம தாக்குப்பிடிக்கிற தன்மை) போதலை. பீம் வளைஞ்சு கொடுக்கும்னு நம்பியிருந்தாங்க. அது வளையறதுக்குள்ள ஜாயின்ட் விட்டுப்போச்சு.

சைட் வெல்டையே விட்டுடுங்க. பீம் முனையில தடிமனான எண்ட் பிளேட்டைப் பட்டறையிலேயே, பீமைப் புரட்டிப்போட்டு ரெண்டு பக்கமும் வெல்ட் பண்ணிடலாம். சைட்ல போல்ட் முறுக்கறது மட்டும் இருக்கட்டும். காலத்துக்குள்ள பீம் ஃபிளாஞ்சுக்கு நேரா கன்டின்யூட்டி பிளேட் (காலத்தோட ஃபிளாஞ்ச் வளையாம தாங்குற குறுக்குத் தகடு) கட்டாயம் வேணும். டிசைன் ஷீட்ல ஸோன் ஃபேக்டர் (நிலநடுக்க மண்டல எண்) என்ன போட்டிருக்காங்க?

காரிமங்கலம் பட்டறை:
0.10 சார். டிசைன் பெங்களூருல பண்ணது. ஜாயின்ட் மொமென்ட் (ஜாயின்ட்டை வளைக்கிற அளவு) 90 கிலோநியூட்டன் மீட்டர்னு இருக்கு. ஓனர் வேற, நம்ம ஊர்ல பூகம்பம் எங்கே வருதுங்கறார். எங்ககிட்ட எம்20, 8.8 கிரேடு போல்ட் நிறைய இருக்கு. மேல் ஃபிளாஞ்சுக்கு நாலு போதுமா?

ஓசூர் ஸ்ட்ரக்சரல்:
0.10 பெங்களூருக்குச் சரி, அது இரண்டாம் மண்டலம். நிலநடுக்கத்துக்கான இந்திய விதி ஐஎஸ் 1893:2016 பட்டியல்ல தருமபுரி மூன்றாம் மண்டலம், 0.16. டிசைனர்கிட்ட உடனே சொல்லுங்க. ஓனர்கிட்ட 1900 பிப்ரவரியில கோயம்புத்தூர் பக்கம் வந்த நிலநடுக்கத்தைச் சொல்லுங்க, ஏறக்குறைய 6 ரிக்டர்.

போல்ட்டை அந்த 90-ஐ வெச்சுப் போடக்கூடாது. ஸ்டீல் கட்டிட விதி ஐஎஸ் 800:2007 பன்னிரண்டாம் பிரிவுப்படி பீமோட முழு பிளாஸ்டிக் மொமென்ட்டுக்கு (பீம் நிரந்தரமா வளையறப்ப தாங்குற அளவு) 1.2 மடங்கு ஜாயின்ட் தாங்கணும். பூகம்பம் எவ்வளவு தள்ளும்னு யாராலயும் சரியாச் சொல்ல முடியாது. பீம் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும்னு சொல்ல முடியும். மில்லிலிருந்து வர்ற 250 கிரேடு (சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன்) இரும்பு பெரும்பாலும் 250-க்கு மேலேயே தாங்கும், அதையும் மனசுல வைங்க.

ஐஎஸ்எம்பி 300-க்கு பிளாஸ்டிக் மாடுலஸ் 651.7 கன செ.மீ., 250-ஆல பெருக்கினா 163 கிலோநியூட்டன் மீட்டர். 1.2 மடங்கு 195. ரெண்டு ஃபிளாஞ்சுக்கும் நடு தூரம் 287 மி.மீ., அதால வகுத்தா ஃபிளாஞ்ச் இழுவை 680 கிலோநியூட்டன். எம்20 ஒன்னு 146 தாங்கும், நாலும் சேர்ந்து 585. பத்தாது. எம்24 ஒன்னு 211, நாலு 844. ஆனா பிளேட் வளைஞ்சு போல்ட்டை நெம்பற விசையும் இதுல சேரும், அதைப் பார்த்துதான் பிளேட் தடிமனை முடிவு பண்ணணும்.

இன்னொன்னு, கூட்டம் கூடுற மண்டபத்துக்கு முக்கியத்துவக் காரணி (கட்டிடத்தோட முக்கியத்தைப் பொறுத்து நிலநடுக்க விசையைப் பெருக்குற எண்) 1-க்கு மேல. அப்போ மூன்றாம் மண்டலத்துல ஆர்டினரி மொமென்ட் பிரேமை (ஜாயின்ட் விறைப்பாலேயே பக்கவாட்டு விசையைத் தாங்குற சாதாரண சட்டம்) ஐஎஸ் 800 அனுமதிக்கலை, அதிகமா வளைஞ்சு கொடுக்கற ஸ்பெஷல் பிரேம்தான். ஜாயின்ட் 0.04 ரேடியன் (கோண அளவு) திரும்பியும் அதோட பலம் முழு பிளாஸ்டிக் மொமென்ட்டுக்குக் கீழே குறையாம நிக்கணும். 3 மீட்டர் மாடிக்கு அது 120 மி.மீ. சாய்வு. அதனால சோதிச்சுத் தேறின எண்ட் பிளேட் டீடெயிலையே எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு பீம் சேர்ற உள் காலங்கள்ல, காலங்களோட மொமென்ட் கூட்டல் பீம்களோடதை விட 1.2 மடங்கு இருக்கான்னும் கேளுங்க. ஐஎஸ்எச்பி 300 அங்கே இழுபறியா நிக்கும், மேலிருந்து வர்ற பாரம் அதோட பலத்தை இன்னும் குறைக்கும்.

கிருஷ்ணகிரி இரெக்‌ஷன்:
சார் சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க அண்ணா. ஐஎஸ்எச்பி ஃபிளாஞ்ச் உள்பக்கம் சரிவா இருக்கும். டேப்பர் வாஷர் இல்லாம முறுக்கினா போல்ட் தலைகிட்ட வளைஞ்சிடும். ஓட்டை சேரலைன்னா பசங்க கேஸ் கட்டரைத் தூக்குவாங்க, விடவே விடாதீங்க. பிளேட்டை இறக்கி ரீமர் (ஓட்டையைச் சீரா பெருசாக்கற கருவி) போடச் சொல்லுங்க. எண்ட் பிளேட் வெல்டுக்கு 6013 ராடு வேண்டாம். 7018 வாங்கி, அவன்ல காயவெச்சு, சூடா எடுத்துப் போடணும். ஃபிளாஞ்ச் வெல்டுக்கு அல்ட்ராசோனிக் டெஸ்ட் வெச்சிடுங்க, டை பெனட்ரன்ட் மேல தெரியறதை மட்டும்தான் காட்டும்.

காரிமங்கலம் பட்டறை:
ரொம்ப நன்றிங்க. 0.16 போட்டு ஸ்பெஷல் பிரேமா மறுபடி ஓட்டச் சொல்லி டிசைனருக்கு எழுதிட்டேன். எம்24 ஆர்டர் கொடுக்கறதை டிராயிங் வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன். ஃபால்ஸ் சீலிங் கம்பிக்கு பீம் அடியில கிளீட் (சின்ன இணைப்புத் துண்டு) வெல்ட் பண்ணலாமா?

ஓசூர் ஸ்ட்ரக்சரல்:
காலத்துக்குப் பக்கத்துல பீம் வளையப்போற இடத்துல ஒரு டேக் வெல்ட்கூட (சின்னப் புள்ளி வெல்ட்) வைக்காதீங்க, வெடிப்பு அங்கிருந்தே கிளம்பும். எவ்வளவு தூரம்னு புது டிராயிங்ல குறிக்கச் சொல்லுங்க. சீலிங்காரர், ஏசிக்காரர் ரெண்டு பேருக்கும் தெரியற மாதிரி அந்த அளவுக்கு பீம்லயே பெயின்ட் அடிச்சு வைங்க. அதைத் தாண்டி கிளாம்ப் போட்டுக்கலாம்.