ஆட்டிசம் + ஏ.டி.எச்.டி: பட அட்டவணை நாலு நாளுக்கு மேல் எடுபடவில்லை

திருச்சி_அம்மா:
7 வயசுப் பையன், ஆட்டிசமும் ஏ.டி.எச்.டியும் (கவனம் நிலைக்காம துறுதுறுன்னு இருக்கற குறைபாடு) ரெண்டும் உண்டு. அன்னன்னைக்கு வேலைகளைப் படமா வரிசையா காட்டற பட அட்டவணை ஒட்டினா முதல் நாலு நாள் சரி. அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. வரிசையை மாத்தினா கத்தல், மாத்தலைன்னா சலிப்பு. டாக்டர் ஏ.டி.எச்.டிக்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார். மதியச் சாப்பாடு டப்பாவோட திரும்பி வருது, சாயங்காலம் 5 மணியானா ஒரே ரகளை. என்ன பண்ணலாம்?

சிறப்பாசிரியர்_கோவை:
மாறாத வரிசை ஆட்டிசம் கேட்பது, புதுசு ஏ.டி.எச்.டி கேட்பது. அதனால வரிசையைத் தொடாதீங்க, கட்டத்துக்குள்ள இருக்கறதை மாத்துங்க. "விளையாட்டு" எப்பவும் மூணாவது கட்டம்தான். ஆனா பந்தா, ஊஞ்சலான்னு ரெண்டு படம் நீட்டி அவனையே ஒண்ணு எடுத்து ஒட்டச் சொல்லுங்க.

ஒரு நேரத்துக்கு 3, 4 படம் போதும். லேமினேட் பண்ணிச் சுவரில் ஒட்டினது சீக்கிரமே சுவரோட சுவரா ஆயிடும். வெல்க்ரோ வெச்சு, வேலை முடிஞ்சதும் படத்தைக் கழட்டி "முடிஞ்சது" டப்பாவில் அவனே போடணும். கைக்கு வேலை இருந்தா கண்ணும் அங்கே போகும்.

திடீர் மாற்றத்துக்குக் கேள்விக்குறி போட்ட தனி அட்டை ஒண்ணு. அதை முதலில் ஐஸ்கிரீம், பார்க் மாதிரி பிடிச்ச விஷயத்துக்கே சில வாரம் காட்டுங்க. டாக்டர்கிட்டப் போற அன்னைக்கு முதல் முதலா காட்டினா, அந்த அட்டையைப் பார்த்தாலே அழுவான்.

வீட்டுப்பாடம் 5 நிமிஷம், நடுவில் 2 நிமிஷம் சுவரைத் தள்ளுறது, கனமான பையைத் தூக்கறது. மணல் கடிகாரம் வேண்டாம், பாடத்தை விட்டுட்டு மணலையே பார்த்துட்டிருப்பான். சிவப்பு வட்டம் சுருங்குற டைமர் பரவாயில்லை.

மருந்தாளுநர்:
முதலில் எந்த வகை மாத்திரைன்னு பாருங்க. சாதாரண வகை சுமார் 4 மணி நேரம்தான் வேலை செய்யும். மெதுவா கரையற வகை 8 முதல் 12 மணி நேரம். 5 மணி ரகளைக்கு மருந்தோட வேகம் தீர்ந்துபோறது காரணமா இருக்கலாம். பசி, பள்ளியில் நாள் முழுக்க அடக்கிவெச்ச களைப்புகூட இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில் மாத்திரை கொடுத்துப் பாருங்க. அன்னைக்கும் 5 மணிக்கே வந்தா மருந்து மேல சந்தேகம். வரலைன்னா பள்ளி மேல. மாத்திரை, சாப்பாடு, ரகளை மூணுக்கும் நேரம் குறிச்சு டாக்டர்கிட்டக் காட்டுங்க. அளவை நீங்களா மாத்தாதீங்க. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பக்கவிளைவு கூடுதலா வரும், அதனாலதான் குறைவா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாங்க.

மெதுவா கரையற மாத்திரையை இடிச்சுத் தயிரில் கலக்கவே கூடாது. மொத்த மருந்தும் ஒரேயடியா இறங்கிடும்.

இந்த மருந்து பசியைக் குறைக்கும், அதனால காலைச் சாப்பாடு முடிச்சுட்டு மாத்திரை: நெய் தோசை, முட்டை, எது இறங்குதோ அது. டப்பாவில் அவன் மறுக்காம சாப்பிடற ஒண்ணை மட்டும் கொஞ்சமா வைங்க, புது ருசியை அங்கே பழக்க வேண்டாம். பள்ளி விட்டதும் பிஸ்கட்டுக்குப் பதில் முழுச் சாப்பாடு. மாசம் ஒரு தடவை ஒரே எடைமெஷினில் எடை. உயரம், நாடி, ரத்த அழுத்தம் டாக்டர் பார்ப்பார்.

இது எக்ஸ் அட்டவணை (விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள) மருந்து, சீட்டு ரெண்டு பிரதி வேணும், எல்லாக் கடையிலும் வைக்கமாட்டாங்க. தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிடுங்க.

கரூர்_அப்பா:
மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் எடுக்கலைன்னா ஆட்டிசத்தின் பேரில் எடுங்க சகோதரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகையில் ஏ.டி.எச்.டி இல்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தர்ற நிரமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், வருஷத்துக்கு 1 லட்சம் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, பில்லை எல்லாம் பத்திரமா வைங்க.