டைப் 2 காக்ளியா, அகன்ற அக்விடக்ட்: இம்பிளான்ட் பலன் தருமா?

பேச்சுப்பயிற்சி_மதுரை:
2 வயதுக் குழந்தை, இரு காதிலும் தீவிரக் கேளாமை. காக்ளியர் இம்பிளான்ட் (கேள்நரம்பை மின்சாரத்தால் தூண்ட உள்காதில் வைக்கும் கருவி) வைப்பதா என்று கேள்வி. சிடி ரிப்போர்ட்: காக்ளியா (உள்காதின் நத்தைச் சுருள்) ஒன்றரைச் சுற்று, இன்கம்ப்ளீட் பார்ட்டிஷன் (உள்தடுப்பு முழுதாக உருவாகாத குறை) டைப் 2, வெஸ்டிபுலர் அக்விடக்ட் (உள்காதிலிருந்து போகும் மெல்லிய எலும்புக் குழாய்) நடுப்பகுதியில் 2.4 மி.மீ. அகலம். "காதே சரியா உருவாகலையாம், இம்பிளான்ட் வச்சு என்ன பிரயோஜனம்" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். எம்ஆர்ஐயில் "நரம்பு தெரிகிறது" என்று ஒரே வரி. அது போதுமா? ஆபரேஷனில் தண்ணீர் பீறிடும் என்கிறார்களே?

உள்செவி:
டைப் 2 என்றால் தயங்க வேண்டாம். இயல்பான காக்ளியா இரண்டரைச் சுற்று. இதில் அடிச்சுற்று ஒழுங்காக இருக்கும். மேலே உள்ளவை தடுப்பில்லாமல் ஒரே அறையாகக் கலந்திருக்கும். நரம்பு செல்கள் அடிச்சுற்றில் இருப்பதால் பலன் பெரும்பாலும் இயல்பான காக்ளியாவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

அந்த ஒரு வரி போதாது, படத்தையே கேளுங்கள். உள்செவிக் குழாயை (நரம்புகள் மூளைக்குப் போகும் எலும்பு வழி) குறுக்கே வெட்டிய சாய்வு சஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) படத்தில் நான்கு புள்ளிகள் தெரிய வேண்டும்: முன்மேல் முகநரம்பு, முன்கீழ் காக்ளியர் நரம்பு, பின்னால் சமநிலை நரம்புகள் இரண்டு. முன்கீழ்ப் புள்ளி முகநரம்பைவிட மெலிந்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துச் சொல்லுங்கள். இல்லவே இல்லையென்றால் மூளைத்தண்டு இம்பிளான்ட் பற்றித்தான் பேச வேண்டும். காக்ளியாவின் வடிவத்தைவிட இந்தப் புள்ளிதான் எனக்கு முக்கியம்.

மாஸ்டாய்டு:
அகன்ற அக்விடக்டில் பெரும்பாலும் பீறிடாது. காக்ளியாவில் துளை போட்டதும் திரவம் நாடித்துடிப்போடு ஏறி இறங்கும், சில நிமிடத்தில் அடங்கும். நிஜமான கஷர் (நீர் பீறிடுவது) இதே குறையின் மற்ற வகைகளான டைப் 1, டைப் 3-இல்தான் அதிகம். காக்ளியாவுக்கும் உள்செவிக் குழாய்க்கும் நடுவில் எலும்பு குறைவதால் மூளைத் தண்டுவட நீர் நேரே வரும். தலைமாட்டை உயர்த்தி, வேகம் தணியவிட்டு, எலக்ட்ரோடை ஏற்றி, சுற்றிலும் டெம்போராலிஸ் (பொட்டுப் பகுதி) தசைத் துணுக்குகளை இறுக்கித் திணிக்க வேண்டும். துணுக்கு துளைக்குள்ளேயே உட்கார வேண்டும். மேலாக வைத்து மூடினால் பிறகு கசியும். டைப் 3-இல் எலக்ட்ரோடு வழிமாறி உள்செவிக் குழாய்க்குள்ளேயே போய்விடும். மூடுமுன் எக்ஸ்ரே எடுக்காமல் விடக்கூடாது.

நிமோகாக்கல் தடுப்பூசி குறைந்தது 2 வாரம் முன்பே முடிந்திருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்க மூக்கில் தெளிந்த நீர், குனிந்தால் சொட்டு என்றால் சளி என்று விட்டுவிடாதீர்கள். அது மூளைக்காய்ச்சலுக்கு வழி.

மேப்பிங்_அக்கா:
இம்பிளான்ட்டை சுவிட்ச் ஆன் செய்யும்போது முகத்தைப் பாருங்க. குழந்தை சத்தத்துக்குத் திரும்பாம, ஒரு கண்ணோரமோ வாய்க்கோடியோ மட்டும் துடிச்சா கரண்ட் முகநரம்புக்குப் போகுதுன்னு அர்த்தம். எந்த எலக்ட்ரோடுன்னு ஒவ்வொண்ணாத் தேடி, பல்ஸ் அகலத்தைக் (மின்துடிப்பு நீடிக்கிற நேரம்) கூட்டி கரண்ட் அளவைக் குறைங்க. அடங்கலைன்னா அதை அணைச்சிடுங்க. டைப் 2-ல இது அபூர்வம், காமன் கேவிட்டியில (காக்ளியாவும் சமநிலைப் பகுதியும் ஒரே அறையா இருக்கிற குறை) அடிக்கடி வரும்.

பேச்சுப்பயிற்சி_மதுரை:
நன்றி. சாய்வு சஜிட்டல் எடுக்கவே இல்லை, கேட்டு வாங்குகிறேன். அதுவரை ஹியரிங் எய்டைக் கழற்றிவிடலாமா?

மேப்பிங்_அக்கா:
வேண்டாங்க, போட்டே இருக்கட்டும். அகன்ற அக்விடக்ட்ல கேள்திறன் ஏறி இறங்கும், மிச்சம் கொஞ்சம் இருக்கலாம். தலையில அடிபட்டா அதுவும் சட்டுனு போயிடும், கட்டில்ல குதிக்க விடாதீங்க. பெண்ட்ரெட் (கேளாமையோட தைராய்டு கோளாறும் வர்ற பரம்பரை நோய்) இருக்கலாம்கிறதால ஒரு தைராய்டு டெஸ்டும் எழுதச் சொல்லுங்க.