லோரலை நீரூற்றை ஏன் திரும்ப நகர்த்தினார்கள்?

கல்தச்சன்: நியூயார்க்கின் பிராங்க்ஸில், ஜாய்ஸ் கில்மர் பூங்காவில் வெள்ளைச் சலவைக்கல்லால் ஆன லோரலை நீரூற்று இருக்கிறது. ஜெர்மன் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனேவின் நினைவுச்சின்னம். லோரலை என்பவள் அவர் கவிதையில் பாடிய ரைன் நதிப் பாறைக் கன்னி. 1940இல் பூங்காவின் வடகோடிக்கு நகர்த்தினார்கள். 1999இல் செப்பனிட்டு, 161ஆம் தெருப் பக்கம் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். யாருக்காக இந்தச் செலவு? அதை வைத்த ஜெர்மானியக் குடியேறிகளின் வாரிசுகள் எப்போதோ இடம்பெயர்ந்துவிட்டார்களே.

வடகாற்று: அதை வேண்டாம் என்றவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். ஹைனே பிறந்த ஊர் டுசல்டார்ஃப். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் முதலில் ஆதரவு தந்தும் அந்த ஊர் மறுத்தது. அப்புறம் இன்னொரு ஜெர்மன் நகரமான மைன்ஸும் கைவிரித்தது. யூதராகப் பிறந்தவர், ஜெர்மன் தேசியவாதிகளைக் கிண்டலடித்தவர் என்பதுதான் அவர் செய்த குற்றம். எர்ன்ஸ்ட் ஹெர்ட்டர் செதுக்கிய சிலையை நியூயார்க் ஜெர்மானியர்கள்தான் வாங்கினார்கள். ஊர் துரத்திய கவிஞரை, ஊரைவிட்டுப் போனவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

கல்தச்சன்: அங்கேயும் ஒன்றும் ஆரத்தி எடுக்கவில்லை. மன்ஹாட்டனின் ஐந்தாம் அவென்யூவில் 59ஆம் தெரு முனையைக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1899இல் பிராங்க்ஸில்தான் திறக்க முடிந்தது.

குறுக்குச்சால்: அதற்கும் யூத வெறுப்பு மட்டுமே காரணம் என்று முடித்துவிடாதீர்கள். சிற்பம் சுமார்தான் என்று அந்த நகரத்துக் கலை வட்டாரத்திலேயே பேச்சு இருந்தது. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பாறைமேல் லோரலை, சுற்றிலும் கடற்கன்னிகள், டால்ஃபின்கள், சிப்பிகள் என்று ஒரே நெரிசல். ஹைனேவுக்கோ பீடத்தில் ஒரு சின்ன முகப் புடைப்பு மட்டும்!

வடகாற்று: நெரிசலோ இல்லையோ, வடகோடியில் அதைப் படுத்திய பாடு கொஞ்சமா? கடற்கன்னிகளின் தலைகளைத் துண்டித்து, கல்லெல்லாம் கிறுக்கி வைத்தார்கள். இப்போது நீதிமன்றத்துக்கு எதிரே, ஆள் நடமாட்டத்தில் நிற்கிறது. அந்தப் பேட்டையில் இன்று இருப்பவர்களிலும் பலர் குடியேறிகள்தானே? அவர்களுக்கும் இந்தக் கதை சொந்தம்.

கல்தச்சன்: அவர்களைக் கேட்காமலே பாத்தியதை எழுதிக் கொடுக்கிறீர்களே! தலையை ஒட்டட்டும், கல்லைக் கழுவட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுபது வருஷம் நின்ற இடத்திலேயே அதைச் செய்திருக்கலாம்.

வடகாற்று: நின்ற இடமா, ஒதுக்கி வைத்த இடமா?